சாரி கார்டு, திருகு மூன்று

மே 30, வியாழன்

பின்சக்கரத்தில் இன்னொரு கம்பி அறுந்துவிட்டது. இது மூன்றாவது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது நர்ஸ் பார்த்துவிட்டு, "சார், உங்க சக்கரம் டான்ஸ் ஆடுதுங்க" என்றார். பன்னிரண்டு வருட மோட்டார் சைக்கிள். ரிம்மும் நெளிந்திருக்கிறது. இனிமேல் கம்பி மாற்றிப் பிரயோஜனமில்லை. இரண்டு சக்கரத்தையும் எடுத்துவிட்டுக் கம்பியே இல்லாத அலாய் சக்கரம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கறுப்பு நிறம், விளிம்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு. மச்சினன் லோகநாதன் திருப்பூரிலிருந்து டயரோடு சேர்த்தே வாங்கி அனுப்புகிறேன் என்றான்.

யார் மாட்டுவது என்பதில்தான் வீட்டில் தகராறு. நானே மாட்டலாம். இருபத்திரண்டு வருடமாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மாத்திரை எண்ணுவதில் இன்றுவரை ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. நாலு நட்டைக் கழற்றி மாட்ட இந்தக் கைக்குத் தெரியாதா? வாணி நூலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"உங்க கையில ஸ்பேனரைப் பாத்தாலே எனக்குக் காய்ச்சல் வருதுங்க. மிக்ஸியப் பிரிச்சு மாட்டுனீங்களே, மீந்துபோன ஸ்பிரிங்கு இன்னும் சாமி மாடத்துலதான் கெடக்குது. பேசாம சகாயம் கடையில குடுங்க."

மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பிரிங் இல்லாமலே ஓடுகிறது என்றால் அது தேவையில்லாத ஸ்பிரிங் என்றுதானே அர்த்தம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 3, திங்கள்

வண்டியையும் புதுச் சக்கரங்களையும் சகாயராஜ் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். தாராபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கடை. தனி ஆள். முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பான். அதை வைத்து அவன் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. எந்த வண்டிக்கு என்ன வேலை என்பதெல்லாம் மண்டைக்குள்ளேயே இருக்கிறதாம். எனக்கு அந்த முறை பிடிக்காது.

கடை மூலையில் சாரி கார்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்துக்குள் போய்விடாமல் இடதுபக்கம் மாட்டியிருக்குமே, அந்தக் கம்பித் தடுப்பு. இத்தனை எதற்கு என்று கேட்டேன்.

"பசங்க கழட்டிப் போட்டுட்டுப் போயிடறாங்க சார். சக்கரம் முழுசாத் தெரியோணுமாம். ஊட்டுல பொம்பளையாளு ஏறுனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா சிரிக்கறானுங்க" என்றான்.

ஜூன் 6, வியாழன்

மூன்று நாளாக வண்டியைத் தொடவே இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் எல்லோரும் வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இருபது வண்டிக்கு நடுவில் என் வண்டி. "நாளைக்குக் கட்டாயமுங்க சார்" என்றான். அவனுக்கு என் பெயர்கூட அந்த நேரத்தில் ஞாபகம் இருந்திருக்காது.

இன்று கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 7, வெள்ளி

வண்டியையும் சக்கரங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். சகாயம் இன்னொரு வண்டியின் அடியில் படுத்திருந்தான். "ஊருக்குப் போக வேண்டியிருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். தலையைத் தூக்காமலே "சரீங் சார்" என்றான். வண்டியை ஆஸ்பத்திரி ஷெட்டில் நிறுத்திவிட்டேன்.

வாணிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, எனக்கு ஞாயிறு. நூலகத்துக்காரியைக் கட்டிக்கொண்டதில் இது ஒரு சௌகரியம். வரும் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்தரைவரை வீடு என்னுடையது.

"வண்டி என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ரெடி ஆயிடும்" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. யார் கையால் என்று அவள் கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வெற்றி!

வாணி பஸ் ஏறிய கால் மணி நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து பின்புறம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டுவிட்டேன். கழற்றியது எங்கே போகவேண்டும் என்று தெரியாமல்தான் எல்லோரும் சொதப்புகிறார்கள். அச்சடிப்பு சரியில்லை என்று நான் ஒதுக்கிய மாத்திரைக் கவர்கள் கொஞ்சம் வைத்திருந்தேன். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட சின்னக் காகிதக் கவர்கள். எதைக் கழற்றினாலும் ஒரு கவரில் போட்டு, மேலே பெயர், எண்ணிக்கை, தேதி. பழக்க தோஷத்தில் ஒன்றிரண்டு கவரில் 'காலை'க்கு நேராக டிக் வேறு அடித்துவிட்டேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கை நுழைய இடம் வேண்டும் என்பதால் முதலில் சாரி கார்டை எடுத்தேன். அப்புறம் பிரேக் கம்பி, அச்சு, செயின். சக்கரம் வெளியே வரும்போது செயின் மை முழங்கைவரை அப்பிக்கொண்டது. நடுவில் ஒரு முறை புது சக்கரத்துக்குள் ரப்பர் துண்டுகள் உட்காராமல் அடம் பிடித்தன. சோப்பு நுரை தடவி உட்கார வைத்தேன். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்றரை மணிக்கு முன்சக்கரமும் முடிந்தது. கவர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. சகாயம் மூன்று நாள் தொடாத வேலையை நான் அரை நாளில் முடித்திருக்கிறேன்!

சாரி கார்டு மட்டும் பாக்கி. மூன்று திருகில் ஒன்று ஏறவே மாட்டேன் என்றது. வண்டிப் பக்கம் திருகு ஏறும் மரை தேய்ந்திருக்கிறது. அரை மணி நேரம் போராடினேன். வாணி வருவதற்குள் தரையைக் கழுவ வேண்டும், கை மையைப் போக்க வேண்டும். கார்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். திருகுகள் கவரிலேயே இருக்கின்றன. நாளை மாட்டிவிடலாம்.

உண்மையைச் சொன்னால் கார்டு இல்லாமல் வண்டி இன்னும் அழகாக இருக்கிறது. சிவப்புக் கோடு முழு வட்டமாகத் தெரிகிறது.

வாணி வந்ததும் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். "பாத்தீங்களா, தெரிஞ்சவங்க கையில குடுத்தா எப்படி இருக்குதுன்னு! சகாயம் சகாயந்தான்" என்றாள். எனக்குப் பாராட்டு கிடைத்த மாதிரியும் இருந்தது, திட்டு விழுந்த மாதிரியும் இருந்தது. "ம்" என்றேன்.

ஜூன் 10, திங்கள்

பின் அச்சு நட்டை என்னிடமிருக்கும் ஸ்பேனரால் முழுதாக இறுக்க முடியவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நான் கவனமாக இருப்பேன். காலையில் சகாயம் கடையில் நிறுத்தி, "பின்னாடி நட்டை ஒருதடவை பாருங்க" என்றேன். வாசலில் பத்து வண்டி நின்றது. வலதுபக்கம் குனிந்தான், ஒரு அமுக்கு அமுக்கினான், காசு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

ஜூன் 14, வெள்ளி

மருந்து இருப்புச் சரிபார்ப்பு வாரம். கார்டு மாட்டவில்லை. ஞாயிறு பார்க்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வாணி எப்படியும் பஸ்ஸில்தான் போகிறாள்.

ஜூன் 21, வெள்ளி

வாணி விழுந்துவிட்டாள். உயிர் இருக்கிறது.

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காங்கேயம் ரோட்டில் ஒரு நிச்சயதார்த்தம். வாணிக்கு விடுமுறை, நான் அரை நாள் லீவு. பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். ஒருபக்கமாக உட்கார்ந்து, என் தோளில் கை வைத்திருந்தாள். வேகம் முப்பதைத் தாண்டவில்லை; இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். பாதிப் பேச்சில் தோளில் இருந்த கை இல்லாமல் போனது.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கீழே போட்டுவிட்டுத் திரும்பினேன். வாணி ரோட்டில் கிடந்தாள். முந்தானை அவள் கழுத்துப் பக்கமிருந்து சக்கரம்வரை கயிறு மாதிரி விறைத்து நின்றது. நான் நின்றேன். ஓடவில்லை, கத்தவில்லை, அப்படியே நின்றேன். இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன்! இளநீர்க் கடைக்கார அம்மா ஒருவர்தான் அரிவாளோடு ஓடிவந்து சேலையை அறுத்தார். என்னைப் பார்த்து, "அட மனுசா, தலையத் தூக்கிப் புடி" என்று அதட்டிய பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது.

இடது காறை எலும்பும் மணிக்கட்டும் உடைந்திருக்கின்றன. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. தோளில் குத்தியிருந்த ஊக்கு பிய்ந்து வந்ததால்தான் கழுத்து தப்பியது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு ஊக்கு சேர்த்துக் குத்தியிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கண் விழித்ததும் அவள் கேட்டது, "சேலை போச்சுங்களா?" என்று.

சாயங்காலம் மச்சினன் லோகு வந்தான். "பின்னாடி கார்டு இருக்குமே மச்சான், எப்படிச் சிக்குச்சு?" என்று கேட்டான். வாணிதான் கட்டிலிலிருந்து பதில் சொன்னாள்: "அந்தச் சக்கரத்துக்குக் கார்டு வராதுன்னு சகாயம் கடையில சொல்லிட்டாங்களாம்."

அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

லோகு காலையிலேயே சகாயம் கடைக்குக் கிளம்பிவிட்டான். தடுக்கலாம் என்றுதான் நானும் கூடப் போனேன்.

வழியெல்லாம் "விடு மாப்ள, விடு மாப்ள" என்றேன். அவன் கேட்கவில்லை. கடை வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டான். "கார்டு வராதுன்னு எவன்டா சொன்னது? எங்கக்கா கழுத்தறுந்து செத்திருப்பாடா!" பஸ் நிலையத்துக் கூட்டம் அப்படியே இந்தப் பக்கம் திரும்பியது. வேலைக்கு வண்டி விட்டிருந்தவர்கள்கூட எழுந்து தள்ளி நின்றார்கள்.

சகாயம் மண்ணெண்ணெயில் எதையோ கழுவிக்கொண்டிருந்தான். விஷயம் புரியவே அவனுக்கு நேரமானது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அப்படி நான் சொல்ல மாட்டனுங்களே" என்றான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"சார், உங்க வண்டி இங்கதானுங்களே நின்னுது? பள்ளிக்கொடம் தொறக்கற வாரமுங்க, எதைக் கழட்டுனேன் எதை மாட்டுனேன்னு எனக்கே தெரியலீங்க. நட்டு இறுக்குனது ஞாபகம் இருக்குது. சக்கரம் நாந்தானுங்களே மாட்டுனேன்?"

என்னிடம்தான் கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான். ஒரே சத்தமாக இருந்தது, லோகு ஒருபக்கம் கத்திக்கொண்டிருந்தான், வெயில் வேறு. நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. எதுவும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். தலை அசைந்திருக்கலாம்.

சகாயம் ஸ்டூலில் உட்கார்ந்தான். "அப்ப என் தப்புதானுங்க" என்றான்.

நான் அதிர்ந்துபோனேன். இல்லை என்பான், சண்டை போடுவான், ஏதாவது ஒரு விதத்தில் விஷயம் தானாக வெளியே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். செய்யாத தப்பை ஒருவன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று யாருக்குத் தெரியும்? திரும்பி வரும்போது லோகு, "ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

ஜூன் 25, செவ்வாய்

சகாயம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் ஒரு பை சாத்துக்குடி. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அக்கா, மன்னிச்சுருங்கக்கா. எம் பொண்டாட்டியும் வண்டியில பின்னாடிதானுங்க உக்காருவா. அதை நெனைக்காமப் போயிட்டேன்."

"உடுங்க தம்பி. வேணும்னா பண்ணுனீங்க?" என்றாள் வாணி.

அவன் அழுதான். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். நான் சாத்துக்குடி உரித்தேன். ஒன்று போதும், நான்கு உரித்துவிட்டேன். அவன் போனதும் வாணி, "பாவம். அவன் கண்ணைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். இடது கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரசம் வைத்தேன், உப்பு அதிகம். தலை வாரிவிட்டேன். பின்னத் தெரியவில்லை, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். கழுத்தில் இருக்கும் கோட்டின்மேல் சீப்பு பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து வாரினேன். "இவ்வளவு மெதுவா வாருனா பொழுது விடிஞ்சுரும்" என்று சிரித்தாள்.

வலி மாத்திரை, கால்சியம் எல்லாவற்றையும் கவர்களில் போட்டு, வேளை குறித்து, பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். இந்த ஒரு வேலையாவது எனக்கு ஒழுங்காக வரும்.

ஜூலை 1, திங்கள்

சகாயம் கடை வழியாகப் போனேன். போகாமல் இருக்க வேறு வழி உண்டு, ஆனாலும் போனேன். வாசலில் ஒரே ஒரு வண்டி நின்றது.

உள்ளே அவன் தரையில் உட்கார்ந்து அந்த சாரி கார்டுக் குவியலைப் பிரித்துக்கொண்டிருந்தான். சக்கர வேலையை நிறுத்திவிட்டானாம், கை நடுங்குகிறதாம். கார்டு இல்லாமல் வருகிற வண்டிக்கெல்லாம் இந்தக் குவியலிலிருந்து பொருத்தமானதை எடுத்துச் சும்மாவே மாட்டிவிடுகிறானாம். வேண்டாம் என்கிற பையன்களுக்குக் காற்றுகூடப் பிடிக்க மாட்டேன் என்கிறானாம்.

இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எப்படியோ ஊரில் பத்துப் பெண்கள் பிழைப்பார்கள். நடந்ததிலும் ஒரு நல்லது இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன். அப்போதுதான் அவன் சொன்னான்:

"உங்க கார்டையுந்தான் சார் தேடிட்டிருக்கறேன். கழட்டுனவன் நான், இதுக்குள்ளதான போட்டிருப்பேன். நாப்பது பாத்துட்டேன், ஒண்ணும் உங்க வண்டிக்கு ஒத்துவரலீங்க. இன்னும் கொஞ்சந்தான் இருக்குது. எப்படியும் எடுத்துருவேன்."



ஜூலை 5, வெள்ளி

சகாயம் கடை திறக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் கேட்டேன். சாமானை விற்றுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகப்போகிறானாம்.

ஜூலை 7, ஞாயிறு

தயிர் வாங்கப் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் வந்தேன். வாணி கூடத்தில் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலி தாங்கல. மாத்திரை போட்டுக்கலாம்னு எடுத்தேன்" என்றாள். "இது எப்பப் போடறதுங்க?"

வலது கையை நீட்டினாள். உள்ளங்கையில் மூன்று திருகுகள்.

தயிர்ப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ரோட்டில் நின்ற மாதிரியே நின்றேன். பரண்மேல் வைத்த கார்டைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தவன், இந்தக் கவரை மறந்தே போய்விட்டேன். மற்ற கவர்களோடு அடுக்கி நானே டின்னில் போட்டிருக்கிறேன்.

அவள் கவரைத் திருப்பி நிதானமாகப் படித்தாள். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்களிடம் தேதியைப் படித்துக் காட்டுகிற அதே குரல்.

"சாரி கார்டு. திருகு மூணு. மரை சரிசெய்து மாட்டவும். ஒம்பது ஆறு. காலைலன்னு டிக் அடிச்சிருக்குது. சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"வாணி..."

"நீங்களேதான் மாத்துனீங்களா?"

"ஆமா."

"அன்னைக்குப் பட்டுச்சேலை கட்டிட்டு வந்து நின்னனே. இந்தப் பக்கம் கம்பி இருக்குமேன்னு கேட்டனா இல்லையா?"

கேட்டாள். இதை நான் எங்கேயும் எழுதவில்லை. ஏறுவதற்கு முன்னால் நின்று, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். இந்தச் சக்கரத்துக்கு அது வராது, கடையில் சொன்னார்கள் என்றேன். நேரமாகிவிட்டது ஏறு என்றேன்.

"என்கிட்டச் சொன்ன பொய்யி என் கழுத்தோட போச்சு. அத உடுங்க" என்றாள். "அந்தப் பையன் என் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு அழுதானே, அப்ப நீங்க சாத்துக்குடி உரிச்சுட்டிருந்தீங்க."

மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லி, வைத்த பிறகு எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 8, திங்கள்

அவளும் வருவேன் என்றாள். ஆட்டோவில் வந்தாள். நான் வண்டியில், காலிடுக்கில் செய்தித்தாள் சுற்றிய கார்டு.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. சகாயம் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். வாணியைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா, நீங்க எதுக்குங்க இந்தக் கையோட" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் செய்தித்தாளைப் பிரித்தேன். கவரை மேலே வைத்தேன்.

"சக்கரத்தை நான்தான் மாட்டினேன், சகாயம். கார்டை நான்தான் கழட்டினேன். நீங்க தொடவே இல்லை."

கவரைக் கையில் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். நான் அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் உங்களைக் கேட்டனுங்களே சார்" என்றான். "அத்தனை பேருக்கு முன்னால, உங்களைத்தானுங்களே கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனீங்க."

ஆமாம். தலையாட்டினேன். தலை தானாக அசையவில்லை. நான்தான் ஆட்டினேன்.

"பதினஞ்சு நாளா சோறு எறங்கலீங்க. எம் பொண்டாட்டிய வண்டியில ஏத்தவே பயமா இருக்குது. இந்தக் கை இனி வேலைக்கு ஆவாதுன்னு கட்டி வெச்சுட்டேன், பாருங்க." சாக்கைக் காலால் தள்ளினான். ஸ்பேனர்கள் உள்ளே சரிந்தன. "வெளிய போங்க சார்."

போனேன். வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றேன். உள்ளே வாணி அவனிடம் ஏதோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் சாக்கை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. கார்டும் கையில் ஒரு சின்னக் கருவியுமாக வந்தான். என்னைப் பார்க்காமல் குனிந்து, தேய்ந்துபோன மரைக்குள் அந்தக் கருவியை விட்டு நாலைந்து சுற்று சுற்றினான். வாயால் ஊதினான். இரும்புத்தூள் பறந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை. நட்டு இறுக்க இங்கே வந்து நின்ற அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பத்து வண்டிக்கு நடுவிலும் இதைச் செய்துகொடுத்திருப்பான்.

ஸ்பேனரை என்னிடம் நீட்டினான். "நீங்களே மாட்டுங்க. நான் பாக்கறேன்."

மண்டிபோட்டு மாட்டினேன். மூன்று திருகும் ஏறின. மூன்றாவதை இரண்டு தடவை கீழே போட்டேன். அவன் குனிந்து எடுத்துத் தரவில்லை. முடிந்ததும் கார்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தான். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி சீட்டின்மேல் வைத்தான்.

"ஊரே என்னைப் பேசுது. நான் போயி நான் இல்லீன்னு சொன்னா எவன் நம்புவான்? நீங்க படிச்சவங்க, உங்க எழுத்தும் அழகா இருக்குது. எழுதிக் குடுங்க. ஷட்டர்ல ஒட்டறேன்."

இத்தனை நாள் பக்கம் பக்கமாக எழுதினேன். இந்த நாலு வரி எழுதத்தான் கஷ்டமாக இருந்தது. எழுதியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"என் வண்டியின் சக்கரங்களை மாற்றியவன் நான். சாரி கார்டை மாட்டாமல் விட்டவனும் நான். மெக்கானிக் சகாயராஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் என்னைக் கேட்டபோது பொய்யாகத் தலையாட்டினேன். தண்டபாணி, மருந்தாளுநர்."

வாணி தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். "தேதி போடலீங்களே" என்றாள்.

"இன்னைக்குத் தேதியா?"

"எந்தத் தேதின்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

9.6 என்று எழுதினேன். பென்சிலைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், நின்று, அதற்குக் கீழே 23.6 என்றும் எழுதினேன்.

சகாயம் அதை ஷட்டரின் நடுவில், ஆள் உயரத்தில் ஒட்டினான். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். வாணி ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். நான் அதன் பின்னாலேயே வீடுவரை வண்டியில் போனேன்.